குளத்து மீனுக்கு வீட்டு வைத்தியம்: மூன்று மருந்தையும் ஒன்றாக ஊற்றலாமா?

வாசகர் கேள்வி, மார்ச் 2

வீட்டுக் குளத்தில் இருக்கும் பெரிய கோய் மீன் (வண்ண அலங்காரக் கெண்டை) ஒன்று கூட்டத்தோடு சேராமல் மூலையில் நிற்கிறது. துடுப்புகளை உடம்போடு ஒட்டி வைத்திருக்கிறது. வயிற்றுப் பக்கம் நாணய அளவுக்குச் சிவப்பாக ஒரு புண், அந்த இடத்தில் செதில்கள் உதிர்ந்திருக்கின்றன. வெண்புள்ளி மருந்து, பூஞ்சை மருந்து, புண் மருந்து மூன்றும் கையில் இருக்கின்றன. என்ன நோய் என்று தெரியாததால் மூன்றையும் ஊற்றிவிட்டால் ஏதாவது ஒன்று கேட்காதா?

மார்ச் 2, இரவு

ஊற்றாதீர்கள். தயவுசெய்து மூன்று புட்டிகளையும் மூடி வைத்துவிட்டு முதலில் தண்ணீரைச் சோதியுங்கள். அம்மோனியா, நைட்ரைட், பி.எச். (அமில, காரத் தன்மை), பி.எச். சட்டென்று மாறாமல் பிடித்து வைக்கும் கார்பனேட் கடினத்தன்மை, இந்த நான்கும் வேண்டும். அம்மோனியாவும் நைட்ரைட்டும் பூஜ்யம் காட்ட வேண்டும். காட்டவில்லை என்றால் மருந்து ஊற்றியும் மீன் தேறாது. நோய்க்கு இடம் கொடுத்த தண்ணீர் அப்படியேதான் இருக்கும்.

புட்டிகளின் பின்பக்கத்தையும் படித்துப் பாருங்கள். குளத்து மருந்துகள் பலவற்றில் மேலே பெயர் வேறு, உள்ளே இருப்பது அதே மாலகைட் கிரீன் என்ற சாயமும் ஃபார்மலின் என்ற கிருமிக்கொல்லியும்தான். ரெண்டு புட்டி ஊற்றினால் ரெண்டு மடங்கு அளவு போய்ச் சேரும். ஃபார்மலின் தண்ணீரில் கரைந்திருக்கும் ஆக்சிஜனையும் குறைக்கும். ஏற்கெனவே சோர்ந்து நிற்கும் மீன் அதைத் தாங்காது.

இன்றிரவு செய்ய வேண்டியது கொஞ்சம்தான். தீனியை நிறுத்துங்கள். ஏர் பம்பை முழு வேகத்தில் ஓட விடுங்கள். குளத்து நீரில் கால்வாசியை எடுத்துவிட்டு, குளோரின் நீக்கிய, ஏறக்குறைய அதே சூட்டில் இருக்கும் தண்ணீரை மெதுவாக விடுங்கள்.

மார்ச் 3, காலை

நேற்று கால்வாசித் தண்ணீரை மாற்றச் சொன்னேன். அதற்கு ஒரு விதிவிலக்கு உண்டு, அதைச் சொல்லாமல் விட மனமில்லை.

குளத்து நீரின் பி.எச். 7-க்குக் கீழே இறங்கி, அம்மோனியாவும் ஏறியிருந்தால் ஒரேயடியாக மாற்றக் கூடாது. சோதனையில் தெரியும் அம்மோனியா முழுவதும் விஷமல்ல. பி.எச். குறைவாக இருக்கும்போது பெரும்பகுதி அம்மோனியமாக, தீங்கு குறைந்த வடிவில் கிடக்கும். 25 டிகிரி செல்சியஸ் நீரில் பி.எச். 7 என்றால் விஷ வடிவம் ஒரு சதவீதத்துக்கும் குறைவு. 8 என்றால் சுமார் 5 சதவீதம். 9 என்றால் மூன்றில் ஒரு பங்குக்கு மேல். குழாய்த் தண்ணீரின் பி.எச். உயர்ந்ததாக இருந்து அதை வேகமாகக் கொட்டினால், அதுவரை சும்மா கிடந்த அம்மோனியா ஒரே மணி நேரத்தில் செவுளைச் சுட்டுவிடும். இந்த நிலையில் பத்து சதவீதம் வீதம் இடைவெளி விட்டு மாற்றுங்கள்.

குளோரினைப் பற்றியும் ஒரு வார்த்தை. தண்ணீரைப் பிடித்து ஏர் ஸ்டோன் (காற்றுக் குமிழி விடும் கல்) போட்டு வைத்தால் குளோரின் ஒரு நாளில் போய்விடும். குளோரினும் அம்மோனியாவும் சேர்ந்த குளோரமைன் அப்படிப் போகாது. அதற்கு சோடியம் தயோசல்பேட் போன்ற நீக்கி வேண்டும். அது குளோரினைப் பிடித்துக்கொண்டு அம்மோனியாவை மிச்சம் விடும் என்பதால், மாற்றிய பிறகு ஒருமுறை சோதியுங்கள்.

மார்ச் 3, மாலை

அம்மோனியா லேசாக, நைட்ரைட் 0.5 என்று எழுதியிருக்கிறீர்கள். பாதிக் கேள்விக்கு இதிலேயே பதில் கிடைத்துவிட்டது. ஃபில்டரில் வாழும் பாக்டீரியாக்கள் குறைந்துவிட்டன. ஃபில்டர் ஸ்பாஞ்சைக் குழாயடியில் வைத்துக் கழுவினீர்களா? குளோரின் அவற்றைக் கொன்றுவிடும். ஒரு வாளிக் குளத்து நீரில் அமுக்கிப் பிழிந்தால் போதும்.

நைட்ரைட் ரத்தத்தில் ஏறினால் ஹீமோகுளோபின் ஆக்சிஜனைச் சுமக்காது. செவுள் பழுப்பாகிவிடும். தண்ணீரில் ஆக்சிஜன் தாராளமாக இருந்தும் மீன் மூச்சுக்குத் திணறும். உப்பில் இருக்கும் குளோரைடு, நைட்ரைட் செவுள் வழியாக நுழைவதைத் தடுக்கிறது. 1000 லிட்டருக்கு 1 கிலோ உப்பு, அதாவது 0.1 சதவீதம், இதற்கு நல்ல பாதுகாப்பு. ஆனால் உப்பைத் தூக்குவதற்கு முன்னால் ஒரு கணக்கு இருக்கிறது. நாளை எழுதுகிறேன், அதுவரை பொறுங்கள்.

மார்ச் 4

உங்கள் குளம் எத்தனை லிட்டர்? "சுமார் ஐயாயிரம் இருக்கும்" என்கிறீர்கள். மருந்து போடும் விஷயத்தில் இந்தச் "சுமார்" ஆபத்தானது. குளத்தைத் தோண்டியபோது போட்ட கணக்கும் உண்மையில் நிற்கும் நீரும் ஒத்துப்போவது அபூர்வம். நீளம், அகலம், ஆழம் மூன்றையும் மீட்டரில் பெருக்கி 1000-ஆல் பெருக்கினால் லிட்டர் வரும், சரி. ஆனால் சுவர் சாய்வாக இருக்கும், அடியில் கல் கிடக்கும், ஓரத்தில் படி இருக்கும், விளிம்பு வரை நீர் இருக்காது. மூன்றில் ஒரு பங்கு குறைந்தாலும் ஆச்சரியமில்லை. அப்போது நீங்கள் போடும் மருந்து ஒன்றரை மடங்காகிவிடும்.

உப்பை வைத்தே குளத்தை அளக்கலாம், எனக்கு மிகவும் பிடித்த வழி இதுதான். உப்பு மீட்டரில் இப்போதைய அளவைக் குறித்துக்கொள்ளுங்கள். எடை போட்ட உப்பைக் கரைத்து ஊற்றுங்கள். ஒரு நாள் முழுக்கத் தண்ணீர் சுற்றிக் கலந்த பிறகு மறுபடி பாருங்கள். 3 கிலோ போட்டு 0.1 சதவீதம் ஏறியிருந்தால் குளம் 3000 லிட்டர். 0.06 மட்டுமே ஏறியிருந்தால் 5000. இந்த எண்ணைக் கெட்டியாக ஓரிடத்தில் எழுதி வையுங்கள். இனிமேல் அந்தக் குளத்துக்கு எந்த மருந்து போட்டாலும் இந்த எண்ணை வைத்துத்தான்.

மார்ச் 5

3400 லிட்டர் என்று வந்ததா! ஐயாயிரம் என்று நினைத்து மருந்து ஊற்றியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று பாருங்கள். அளந்து பார்த்ததற்கு உண்மையிலேயே நன்றி.

இப்போது உப்பு. நன்னீர் மீனின் ரத்தத்தில் உப்பு சுமார் 0.9 சதவீதம். சுற்றியிருக்கும் நீரில் ஏறக்குறைய ஒன்றுமில்லை. அதனால் செவுள் வழியாகவும் தோல் வழியாகவும் தண்ணீர் உள்ளே புகுந்துகொண்டே இருக்கும், சிறுநீரகம் அதை வெளியே தள்ளிக்கொண்டே இருக்கும். தோலில் புண் விழுந்தால் ஓட்டைப் படகில் தண்ணீர் இறைக்கும் கதைதான். குளத்தில் 0.3 சதவீத உப்பு இருந்தால் உள்ளே வரும் வேகம் தணியும். மீன் இறைப்பதற்குச் செலவிடும் சக்தியை ஆறுவதற்குச் செலவிடும். உப்பு கிருமியைக் கொல்லும் என்பதற்காகப் போடுவதாக நினைக்காதீர்கள். இந்த அளவில் சில ஒட்டுண்ணிகள் அடங்கும், புண்ணுக்குள் இருக்கும் பாக்டீரியா சாகாது.

0.3 சதவீதம் என்றால் லிட்டருக்கு 3 கிராம். உங்கள் குளத்துக்கு 10 கிலோவுக்குக் கொஞ்சம் மேல். அளந்து பார்க்க ஏற்கெனவே போட்டதை இதில் கழித்துக்கொள்ளுங்கள். ஒரே நேரத்தில் கொட்டாமல் ஒரு நாளைக்கு 0.1 சதவீதம் என்று ஏற்றுங்கள். வாளியில் கரைத்துத்தான் ஊற்ற வேண்டும். கரையாத கல் அடியில் கிடந்தால் மீன் அதன் மேல் வயிற்றை வைத்துத் தோல் வெந்துபோகும்.

அல்லி, தாமரை, நீர்ச்செடிகள் இருந்தால் 0.3 அவற்றுக்குத் தாங்காது. செடியை வெளியே எடுங்கள், இல்லையென்றால் மீனைத் தனித்தொட்டிக்கு எடுங்கள். ஃபில்டரில் ஜியோலைட் கல் இருக்கிறதா என்று கட்டாயம் பாருங்கள். அது சேர்த்து வைத்திருக்கும் அம்மோனியாவை உப்புத் தண்ணீர் பட்டதும் மொத்தமாகக் கக்கிவிடும்.

மார்ச் 6

சமையல் உப்பில் அயோடின் இருக்கிறதே என்று இன்னொருவர் கேட்டிருக்கிறார். அந்த அளவு அயோடின் மீனை ஒன்றும் செய்யாது. தவிர்க்க வேண்டியது கட்டி பிடிக்காமல் இருக்கச் சேர்க்கும் பொருட்களை. எதுவும் சேர்க்காத கல்லுப்பு போதும்.

மார்ச் 8

தனித்தொட்டி பற்றிப் பலரும் பல மாதிரி சொல்கிறார்கள். மீனுக்கு உடம்பு சரியில்லை என்றதும் சின்ன டப்பில் தூக்கிப் போடுவது எனக்குச் சரியாகப் படவில்லை. கோய் கூட்டமாக வாழும் மீன். தனியாக, ஒடுக்கமான இடத்தில், வெளிச்சத்தில் கிடந்தால் மிரண்டுபோகும். டப்பில் முதிர்ந்த ஃபில்டர் இருக்காது, அம்மோனியா ஒரே நாளில் ஏறும். குளத்துத் தண்ணீர் சரியாகிவிட்டது, மற்ற மீன்கள் தொல்லை செய்யவில்லை என்றால் குளத்திலேயே விட்டுவிடலாம்.

உங்கள் விஷயத்தில் செடிகள் இருப்பதால் தொட்டி தேவைப்படுகிறது. பெரிய மீனுக்கு 300 லிட்டராவது இருக்கட்டும். குளத்து நீரையே நிரப்புங்கள். குளத்து ஃபில்டரிலிருந்து ஒரு துண்டு ஸ்பாஞ்சை எடுத்து இதற்குள் போடுங்கள். ஏர் ஸ்டோன் கட்டாயம். மேலே வலை கட்டி ஓரங்களில் கனம் வையுங்கள், சோர்ந்த மீனும் எகிறிக் குதிக்கும். தினமும் அம்மோனியா பார்த்து மூன்றில் ஒரு பங்கு நீர் மாற்றுங்கள். மாற்றும் நீரிலும் அதே அளவு உப்பு இருக்க வேண்டும்.

புண்ணைச் சுத்தம் செய்வது: ரெண்டு பேர் வேண்டும். கையில் கீறல் இருந்தால் கையுறை போடுங்கள், மீனிடமிருந்து மனிதத் தோலுக்கு வரக்கூடிய பாக்டீரியா உண்டு. மயக்கத்துக்குக் கிராம்பு எண்ணெய், 10 லிட்டருக்குச் சுமார் அரை மில்லி. சின்னப் புட்டியில் வெதுவெதுப்பான நீரோடு சேர்த்துப் பால் நிறமாகும் வரை குலுக்குங்கள், பிறகு கொஞ்சம் கொஞ்சமாக விடுங்கள். நேராக ஊற்றினால் மேலே எண்ணெய்ப் படலமாக மிதக்கும்.

மீன் முதலில் தள்ளாடும், பிறகு ஒருக்களித்துச் சாயும். கண்ணை எடுக்காமல் செவுள் மூடியையே பாருங்கள். அது மெதுவாக, ஆனால் விடாமல் அசைந்துகொண்டிருக்க வேண்டும். நின்றுவிட்டால் எல்லாவற்றையும் விட்டுவிட்டு நல்ல நீருக்கு எடுத்துப் போங்கள். ஈரத் துண்டில் கிடத்தி, கண்ணையும் ஈரத்துணியால் மூடுங்கள். புண்ணின் மேல் தொங்கும் செத்த சதையையும், பாதி கழன்று நிற்கும் செதிலையும் மட்டும் எடுங்கள். நன்றாக ஒட்டியிருக்கும் செதிலைப் பிடித்து இழுக்க வேண்டாம். பஞ்சுக் குச்சியில் போவிடோன் அயோடினைத் தொட்டுப் புண்ணில் மட்டும் தடவுங்கள், செவுளுக்கும் கண்ணுக்கும் போகக் கூடாது. ரெண்டு நிமிடத்தில் வேலை முடிந்துவிட வேண்டும்.

இதைத் தினமும் செய்யச் சொல்பவர்கள் இருக்கிறார்கள். நான் சொல்ல மாட்டேன். ஒருமுறை நன்றாகச் செய்துவிட்டுக் கையை எடுத்துவிடுங்கள். ஒவ்வொரு முறை பிடிக்கும்போதும் மீனின் வழுவழுப்புப் படலம் உரிகிறது, அதற்கு இருக்கும் முதல் கவசமே அதுதான்.

மார்ச் 9

நேற்று எழுதியதில் விட்டுப்போன ஒன்று. மீன் கையில் இருக்கும்போதே புண்ணுக்கு என்ன காரணம் என்றும் தேடுங்கள். மீன் பேன் கண்ணுக்குத் தெரியும்: வட்டமாக, தட்டையாக, கண்ணாடி போன்ற உடம்பு, அரை சென்டிமீட்டர் முதல் ஒரு சென்டிமீட்டர் வரை. துடுப்புக்கு அடியில் ஒட்டிக்கொண்டிருக்கும். நங்கூரப் புழு தோலிலிருந்து நூல் மாதிரி தொங்கும். தலை சதைக்குள் புதைந்திருக்கும், இடுக்கியால் அடியில் பிடித்து நேராக இழுக்க வேண்டும். அறுந்துபோனால் தலை உள்ளேயே தங்கிப் புது புண் வரும்.

தட்டைப் புழுக்கள் கண்ணுக்குத் தெரியாது. குளத்தில் மற்ற மீன்களும் கல்லிலும் சுவரிலும் உடம்பை உரசினால் சந்தேகப்படுங்கள். தோல் வழுவழுப்பைச் சுரண்டி நுண்ணோக்கியில் 40 முதல் 100 மடங்கில் பார்த்தால் தெரிந்துவிடும். அதற்குப் பிராசிகுவாண்டல் என்ற புழு மருந்து கேட்கும். வெண்புள்ளி மருந்தும் பூஞ்சை மருந்தும் கேட்கும் என்று நம்பி இருக்க முடியாது. எது என்று பார்க்காமல் மருந்தை எடுக்க வேண்டாம் என்று முதல் நாளே நான் பதறியதற்கு இதுவும் காரணம்.

மார்ச் 10

இடையில் ஒருவர் தங்கமீனின் செவுள் மூடியில் வெள்ளைப் புள்ளிகள் என்று படம் போட்டிருக்கிறார். ஒழுங்காக, செவுள் மூடியிலும் முன் துடுப்பின் முன் ஓரத்திலும் மட்டும் இருக்கின்றன. மீன் சுறுசுறுப்பாகத் தின்கிறது என்றும் சொல்கிறார். அப்படியானால் நோய் இல்லை. இனப்பெருக்கக் காலத்து ஆண் தங்கமீனுக்கு வரும் சிறு புடைப்புகள் அவை. மருந்து எதுவும் வேண்டாம்.

உண்மையான வெண்புள்ளி உடம்பு முழுக்க, வாலிலும் துடுப்பிலும், உப்புத்தூள் தூவிய மாதிரி இருக்கும். தோலுக்குள் இருக்கும்வரை அந்த ஒட்டுண்ணியை மருந்து தொடாது. மீனை விட்டு விழுந்து, அடியில் பெருகி, அடுத்த மீனைத் தேடி நீந்தும்போதுதான் சாகும். 25 டிகிரியில் இந்தச் சுற்று ஒரு வாரத்துக்குள் முடியும், 10 டிகிரியில் வாரக்கணக்காகும். அதனால் புள்ளி மறைந்ததும் மருந்தை நிறுத்தினால் திரும்பி வரும்.

மார்ச் 12

விடியற்காலையில் எல்லா மீனும் மேலே வந்து வாயைத் திறக்கின்றன, பத்து மணிக்குச் சரியாகிவிடுகிறது என்கிறீர்கள். அது ஆக்சிஜன். பாசியும் செடியும் பகலில் ஆக்சிஜன் தரும், இரவில் மீனோடு சேர்ந்து அவையும் எடுத்துக்கொள்ளும். சூரியன் வருவதற்குச் சற்று முன்தான் மிகக் குறைவு. ராத்திரியில் ஏர் பம்பை நிறுத்துபவர்கள் நிறைய. நிறுத்துவதாக இருந்தால் பகலில் நிறுத்துங்கள், இரவில் ஓடட்டும்.

நாள் முழுக்க ஒரு மீன் மட்டும் மேலே நின்றால் அது வேறு, செவுளைப் பாருங்கள்.

மார்ச் 15

கிருமியையும் ஒட்டுண்ணியையும் கொல்லப் பொட்டாசியம் பெர்மாங்கனேட் போடலாமா என்று தொடர்ந்து கேட்கிறீர்கள். வேலை செய்யும், நானும் பயன்படுத்தியிருக்கிறேன். 1000 லிட்டருக்கு 2 கிராம், நல்ல காற்றோட்டம், பகல் நேரம், ஃபில்டரைத் தனியே பிரித்துவிட்டு. தண்ணீர் இளஞ்சிவப்பாக இருக்கும்வரை வேலை செய்கிறது, பழுப்பானால் முடிந்தது. மீன் தவித்தால் ஹைட்ரஜன் பெராக்சைடு விட்டு உடனே முறிக்கலாம், அதைப் பக்கத்தில் வைத்துக்கொண்டுதான் தொடங்க வேண்டும். ஃபார்மலினோடு எந்தக் காரணத்துக்கும் சேரக் கூடாது.

இதையெல்லாம் எழுதிவிட்டு யோசித்துப் பார்த்தேன். முதல் தடவை செய்பவருக்கு இதை நான் சொல்ல மாட்டேன். அளவு கொஞ்சம் கூடினாலும் செவுள் எரிந்துவிடும், பி.எச். உயர்ந்த நீரில் கடுமை இன்னும் அதிகம். உங்கள் மீனுக்கு இது தேவையும் இல்லை. ஒரே ஒரு புண், தண்ணீர் தேறிவருகிறது. அதற்குப் போய் ஏன்?

மார்ச் 19

படம் பார்த்தேன். புண்ணின் ஓரத்தைக் கவனியுங்கள். முதல் படத்தில் ஓரம் செக்கச்செவேலென்று கிழிந்த மாதிரி இருந்தது. இப்போது சுற்றிலும் மெல்லிய வெண்ணிற வளையம் தெரிகிறது, நடுவில் ரணமான சதை போய் இளஞ்சிவப்புத் தோல் படர்கிறது. ஆறுகிறது! ரொம்ப சந்தோஷம்.

தங்கமீன் வைத்திருப்பவர்களுக்கு: ஆறும் இடத்தைச் சுற்றிக் கறுப்புத் திட்டு வரும். அது புது நோய் இல்லை, ஆறும் தோலில் நிறமி கூடுவது. நாளாக மறைந்துவிடும்.

தீனி கேட்கிறது என்றால் கொஞ்சமாகக் கொடுங்கள். அம்மோனியா பூஜ்யத்தில் நின்றால் மட்டும்.

மார்ச் 21

எப்போது வீட்டு வைத்தியத்தை நிறுத்த வேண்டும் என்று கேட்டவருக்கு. புண் ஆழமாகி எலும்போ உட்குழியோ தெரிந்தால், பல மீன்களுக்கு ஒரே நேரத்தில் புண் வந்தால், மீன் மருத்துவம் தெரிந்த கால்நடை மருத்துவரிடம் போங்கள். ஏரோமோனாஸ் போன்ற பாக்டீரியாவுக்கு ஆன்டிபயாடிக் தேவைப்படும். ஊசியாகவோ தீனியில் கலந்தோதான் கொடுக்க வேண்டும். குளத்தில் கொட்டினால் ஃபில்டர் சாகும், கிருமிக்கு மருந்தை எதிர்க்கும் பலம் வரும், மீனுக்குப் போய்ச் சேருவது சொற்பம்.

நீர் 16 முதல் 28 டிகிரிக்குள் இருக்கும்போது கோய் மீன்கள் மட்டும் அடுத்தடுத்துச் சாகின்றன, செவுளில் வெள்ளைத் திட்டு, கண் உள்ளே போயிருக்கிறது, தங்கமீன்கள் நன்றாக இருக்கின்றன என்றால் கோய் ஹெர்பஸ் வைரஸ் சந்தேகம் வர வேண்டும். 1998-இல் முதலில் கண்டறியப்பட்டது, மருந்து கிடையாது, பல நாடுகளில் அரசுக்குத் தெரிவிப்பது சட்டப்படி கட்டாயம். பிழைத்த மீனும் கிருமியைச் சுமக்கும், யாருக்கும் கொடுக்காதீர்கள்.

உடம்பு ஊதி எல்லாச் செதிலும் நிமிர்ந்து நின்றால் பெரும்பாலும் சிறுநீரகம் போய்விட்டது என்று அர்த்தம். சில மீன் தேறும், பல தேறாது. தேறாது என்று தெரிந்த பிறகு இழுத்துக்கொண்டு கிடக்க விடாதீர்கள். கிராம்பு எண்ணெயை 10 லிட்டருக்கு 5 மில்லி என்று கலந்து அதில் விடுங்கள். செவுள் அசைவு நின்ற பிறகும் அரைமணி நேரம் எடுக்க வேண்டாம். ஃப்ரீசரில் வைப்பதும் கழிப்பறையில் விடுவதும் கொடுமை. உங்கள் கையால் வளர்ந்த உயிர், கடைசி வரை பக்கத்தில் இருங்கள்.

ஏப்ரல் 4

மீனைக் குளத்துக்கு விடலாமா என்றால், தோல் முழுதாக மூடிவிட்டது, தீனிக்கு முன்னால் வருகிறது, விடலாம். அதற்கு முன் தொட்டியின் உப்பை இறக்குங்கள். உப்பு ஆவியாகாது. ஆவியான நீருக்குப் பதிலாக நீர் ஊற்றுவதால் ஒரு கிராம்கூடக் குறையாது. எடுத்து ஊற்றினால்தான் குறையும், அதுவும் மெதுவாக. பத்து சதவீதம் வீதம் ஏழு முறை மாற்றினால் ஏறக்குறைய பாதிக்கு வரும். மீட்டரைப் பார்த்துக் குளத்து அளவுக்கு இறங்கிய பிறகு, ரெண்டு நீரின் சூட்டையும் பி.எச்.சையும் சரிபார்த்து விடுங்கள். வலையில் தூக்காமல் நீரோடு சேர்த்துப் பெரிய பாத்திரத்தில் எடுங்கள். புதுத் தோல் வலையில் உரசினால் உடனே பிய்ந்துவிடும்.

தொட்டியைக் கலைக்க வேண்டாம். அடுத்து வாங்கும் மீனை நாலு வாரமாவது அதில் வைத்துப் பார்த்த பிறகுதான் குளத்துக்கு விட வேண்டும், நீர் 20 டிகிரிக்கு மேல் இருக்கட்டும். அந்தத் தொட்டிக்கென்று தனி வலை, தனி வாளி வையுங்கள்.